பழைய ராணுவ மஸ்கெட்: அறிகுறியை வைத்து நிலையைக் கண்டுபிடிப்பது

பழைய மஸ்கெட் (வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் ஏற்றும் நீளமான ராணுவத் துப்பாக்கி) ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது, துணியெடுத்துப் பளபளவென்று தேய்ப்பது. அடுத்து குதிரையைப் பின்னால் இழுத்து ‘டக்’கென்று விட்டுப் பார்ப்பது. இரண்டையும் செய்யாதீர்கள். தேய்த்தால் துருவோடு சேர்ந்து வரலாறும் போய்விடும். குதிரையை விட்டுப் பார்ப்பது ஏன் கூடாது என்பது முதல் அறிகுறியிலேயே புரியும்.

இந்தத் துப்பாக்கிகளில் தெரியும் ஒவ்வொரு குறைக்கும் மூன்று பேரில் ஒருவர்தான் காரணம். ஒன்று காலம், ஒன்று படைவீரன், இன்னொன்று பின்னால் வந்த ஒரு கை. காலமும் படைவீரனும் செய்த சேதத்தை மன்னிக்கலாம், சில சமயம் அதற்காகவே விலை கூடும். அரமும் உப்புத்தாளும் பாலிஷும் வைத்துக்கொண்டு பின்னால் வந்தவர் செய்ததுதான் பெரும் சேதம். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் நாம் கேட்கும் கேள்வி, இது யார் வேலை என்பதுதான்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு முன்னால் பாயும் உறுப்பு குதிரை. கல் உரசும் நிமிர்ந்த எஃகுத் தகடு உரசுதகடு. அதன் அடியில் வெடிமருந்து வைக்கும் சின்னக் குழி மருந்துத்தட்டு. அங்கிருந்து தீ குழலுக்குள் போகும் வழி தீத்துளை. இதையெல்லாம் தாங்கும் பக்கவாட்டு இயந்திரம் முழுவதும் பூட்டு. கல்லுக்குப் பதில் தொப்பி வெடியை (அடித்தால் வெடிக்கும் சின்ன உலோகத் தொப்பி) அடிக்கும் பிற்கால மஸ்கெட்டில் தட்டும் உரசுதகடும் இருக்காது, தொப்பி மாட்டும் முலை ஒன்று இருக்கும். அவ்வளவுதான்.

கம்பி அடிவரை இறங்கவில்லை

எதற்கும் முன்னால் இதைப் பாருங்கள். வாய்ப்பக்கத்தை யாரும் இல்லாத திசையில் வைத்துவிட்டு, நேரான மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக விடுங்கள், இடிக்க வேண்டாம். நின்ற இடத்தில், குழல் வாயின் விளிம்புக்கு நேராகக் குச்சியில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை எடுத்துக் குழலின் வெளிப்புறத்தில், கோடு வாய்க்கு நேராக வரும்படி ஒட்டி வையுங்கள். குச்சியின் முனை தீத்துளை வரை, அல்லது முலை இருக்கும் இடம் வரை வந்தால் குழல் காலி. அதற்கு முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

சக்கிமுக்கி மஸ்கெட்டில் மருந்தும் காகிதமும் குண்டும் சேர்ந்து ஏறத்தாழ 5, 6 செ.மீ. இடம் பிடிக்கும். முனை அந்த அளவுக்குத் தள்ளி நின்றால், சந்தேகமே வேண்டாம், துப்பாக்கி ஏற்றப்பட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளவிக்கூடாகவோ எலி சேர்த்த குப்பையாகவோ இருக்கலாம்தான். ஆனால் அது குப்பை என்று நிச்சயமாகும்வரை மருந்துதான்.

இருநூறு வருஷத்து மருந்து வெடிக்குமா என்று கேட்பார்கள். வெடிக்கும். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் கெடுவதில்லை. நனைந்து காய்ந்தாலும் மறுபடி பற்றும். ஏற்றியபடியே கைவிடப்படுவதும் அபூர்வமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-இல் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து களத்திலிருந்து பொறுக்கிய துப்பாக்கிகள் அன்றைய கணக்குப்படி 27,000-க்கு மேல். அவற்றில் சுமார் 24,000 ஏற்றியபடி கிடந்தன, அதில் பாதியளவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை ஏற்றியிருந்தது. புகையிலும் சத்தத்திலும் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றுகூடப் படைவீரனுக்குத் தெரிந்திருக்காது. அப்படி வந்ததுதான் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் துளைபோடுவது, சூடுகாட்டுவது, பற்றவைப்பது எதுவும் கூடாது. முன்பக்கமிருந்து கம்பியால் குத்தவும் கூடாது. தீத்துளை வழியே தண்ணீரோ மெல்லிய எண்ணெயோ விட்டுச் சில நாள் ஊறவைத்தால் ஆபத்து குறையும். குண்டை வெளியே எடுப்பதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். காலி என்று உறுதியாகும்வரை அடுத்த அறிகுறிக்குப் போக வேண்டாம்.

குதிரை பாதியில் நிற்கவில்லை

குழல் காலி. சரி, இப்போது பூட்டுக்கு வருவோம். கல் இருந்தால் கழற்றிவிட்டு, கல் இருந்த இடத்தில் அதே அளவு மரத்துண்டைக் கவ்வ வையுங்கள். தொப்பி வெடி மஸ்கெட் என்றால் முலைமேல் தோல் துண்டு ஒன்று வையுங்கள், வெறும் முலையில் அடித்தால் அதன் விளிம்பு நசுங்கும். கட்டைவிரலால் குதிரையைப் பிடித்தபடி மெதுவாக இழுங்கள். இரண்டு ‘க்ளிக்’ கேட்க வேண்டும். முதலாவது அரைக்கொக்கி, பத்திரமாக எடுத்துச்செல்லும் நிலை. இரண்டாவது முழுக்கொக்கி, சுடும் நிலை.

அரைக்கொக்கியில் வைத்து, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையைச் சாதாரணமாக இழுங்கள். குதிரை அசையக் கூடாது. முழுக்கொக்கியில் வைத்து, பின்னாலிருந்து கட்டைவிரலால் இலேசாகத் தள்ளுங்கள். விழக் கூடாது.

விழுந்தால் எல்லோரும் உள்ளே குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கிப்பல் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். பூட்டைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரண்டு பக்கவாட்டுத் திருகாணிகளையும் அரைச்சுற்று தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது அரைக்கொக்கி பிடிக்கிறது என்றால் இரும்பில் குறையில்லை. மரம் சுருங்கியதால், அல்லது யாரோ திருகாணியை இறுக்கித் தள்ளியதால், விசை எப்போதும் கொக்கியின் வாலை முட்டிக்கொண்டே இருக்கிறது. இது மாதிரி ஒன்றை ‘பூட்டு செத்தது’ என்று குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். அரைச்சுற்றில் உயிர்வந்ததைப் பார்த்து விற்றவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம்.

தளர்த்தியும் நிற்கவில்லை என்றால் பூட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். குதிரையை அரைக்கொக்கியில் வையுங்கள், அது நிற்காவிட்டால் முழுக்கக் கீழே இறக்கிவிடுங்கள். திருகாணிகளை முழுக்க எடுக்காமல் பாதி தளர்த்தி, அவற்றின் தலையை மரச்சுத்தியால் இலேசாகத் தட்டினால் பூட்டு தானே வெளியே எழும்பும். ஓரத்தில் கத்தியைவிட்டு நெம்பினால் மரம் பிளக்கும், அந்தப் பிளவு எப்போதும் நின்று காட்டிக்கொடுக்கும். இரண்டு திருகாணிகளும் ஒரே நீளமாகத் தெரியும், ஆனால் மாற்றிப் போடாதீர்கள். அக்காலத்துத் திருகாணிகளில் மரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொருத்தப்பட்டது. அட்டையில் ஓட்டைபோட்டு, எடுத்த இடத்தின்படி குத்திவையுங்கள்.

உள்ளே கொக்கிப்பல்லின் முனை உடைந்திருக்கிறதா, வெறுமனே மழுங்கியிருக்கிறதா, பல் விழும் பள்ளத்தில் அழுக்கெண்ணெய் கெட்டியாகி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதென்றால் அதிர்ஷ்டம். முதலிரண்டும் என்றால் எழுதிவையுங்கள், நீங்களே அரம் எடுக்காதீர்கள். பெரிய ஸ்பிரிங்கை அதற்கென்றுள்ள பிடிப்பான் இல்லாமல் கழற்ற முயலவும் வேண்டாம், கையையோ ஸ்பிரிங்கையோ உடைத்துக்கொள்வீர்கள்.

குதிரை நிற்கிறது, ஆனால் மந்தமாக விழுகிறது என்றால் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான். இல்லையென்றால் ஸ்பிரிங் மரத்தில் உரசுகிறது. பூட்டு உட்காரும் பள்ளத்தில் கறுத்துப் பளபளக்கும் ஓர் உரசல் தடம் தெரியும்.

திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றன

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். தலையின் காடி கிழிந்து இரண்டுபக்கமும் உதடு தூக்கியிருந்தால், பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு ஒருவர் உள்ளே போயிருக்கிறார். அவர் வேறென்ன செய்தார் என்று தேட ஆரம்பியுங்கள். ராணுவக் கொல்லர்கள் செய்த பழுதுபார்ப்பு பொதுவாகச் சுத்தமாக இருக்கும். நீங்கள் கழற்றப்போகிறீர்கள் என்றால் காடியில் இறுக்கமாக உட்காரும்படி ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தீட்டிக்கொள்ளுங்கள். பழைய காடிகள் இன்றைய கடைச்சரக்கைவிடக் குறுகலானவை.

தட்டு புதுசு, குழல் பழசு

எனக்குப் பிடித்த அறிகுறி இதுதான், ஏமாறுபவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

1840-களிலும் அதற்குச் சற்று முன்னும் பின்னும் படைகள் தங்கள் சக்கிமுக்கி மஸ்கெட்டுகளை ஆயிரக்கணக்கில் தொப்பி வெடிக்கு மாற்றின. உரசுதகடு, தட்டு, அவற்றின் ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி, பூட்டுத்தகட்டில் மிச்சமிருந்த ஓட்டைகளை அடைத்தார்கள். குழலில் இரண்டு விதம். தீத்துளையைப் பெரிதாகத் துளைத்து, முலை தாங்கும் சின்ன உருளையைத் திருகுவது ஒன்று. தீத்துளையை அடைத்துவிட்டு, குழலின் மேல்பக்கத்திலேயே முலையை நாட்டுவது இன்னொன்று. அமெரிக்க ஆயுதசாலைகளில் இரண்டாவது விதம் சாதாரணம். வெட்டிய தட்டின் குழியைப் பித்தளையால் நிரப்பியிருப்பார்கள்.

பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்குச் சக்கிமுக்கிதான் வேண்டியிருந்தது. அதனால் மாற்றியதை மறுபடி மாற்றினார்கள். இந்த இரண்டாவது மாற்றம் தெரியாமல் வாங்குவதில்தான் பணம் போகிறது.

எப்படிப் பிடிப்பது? மூன்று இடத்தை ஒன்றாக வைத்துப் பாருங்கள்: தீத்துளையைச் சுற்றிய குழல், மருந்துத்தட்டின் உட்புறம், உரசுதகட்டின் முகம். இந்த மூன்றும் ஒவ்வொரு சூட்டிலும் ஒரே தீயை வாங்கியவை. அப்படியானால் மூன்றும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். குழலின் அந்த இடம் அம்மைத் தழும்பாகக் குழிவிழுந்திருக்க, தட்டின் ஓரம் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால், அவை ஒரே போரைப் பார்த்தவை அல்ல. நேர்மாறாக, தட்டு அரித்துப்போய்க் குழல் மட்டும் வழவழவென்று இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

அப்புறம் தீத்துளையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரிகிறதா? கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தால் கோடு எடுப்பாகும். வட்டம் சிறியதென்றால், தேய்ந்து பெரிதான துளைக்கு அக்காலத்திலேயே செருகிய, நடுவில் துளையுள்ள அடைப்பாக இருக்கலாம், அது நியாயமான பழுதுபார்ப்பு. வட்டம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தால், அங்கே ஒரு காலத்தில் உருளை திருகியிருந்தது. தீத்துளைக்குள் ஒரு தீக்குச்சி தாராளமாகப் போனால் அது நிறையச் சுட்ட துப்பாக்கி.

உரசுதகட்டின் முகத்தில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருப்பது இயல்பு. கீறலே இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு அடுக்காகத் தெரிந்தால், தேய்ந்த முகத்தின்மேல் புதிய எஃகுத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். இதைப் படைக் கொல்லர்களே செய்வதுண்டு, குறையாகக் கணக்கிட வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், நேர்மையாகத் தொப்பி வெடிக்கு மாற்றிய மஸ்கெட்டை மறுபடி சக்கிமுக்கியாக்குவது அதன் வாழ்க்கையில் பாதியை அழிப்பது. அப்படியே வைத்திருப்பவரிடம்தான் நான் வாங்குவேன்.

எண்ணெய்த் துணி சிவக்கிறது

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழலில் ஓரிடத்தை அழுத்தாமல் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் நிறம் ஏறினால் துரு இன்னும் உயிரோடு இருக்கிறது, தின்றுகொண்டிருக்கிறது. இலேசான பழுப்பு மட்டும் ஒட்டி, இரும்பு கரும்பழுப்பாகக் கெட்டியாக நின்றால் அது அடங்கிய துரு. அதை எடுக்கக் கூடாது, அதுதான் இரும்பின் தோல்.

உயிருள்ள துருவுக்கு எண்ணெயில் ஊறிய துணி, பொறுமை, தேவைப்பட்டால் செம்பு அல்லது பித்தளைச் சுரண்டி போதும். கம்பிச் சக்கரம், உப்புத்தாள், அமிலம் மூன்றும் வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் தேய்த்துவிட்டாரா என்று தெரிய எழுத்துகளைப் பாருங்கள். முத்திரையின் ஒருபக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கியும் இருந்தால், பூட்டுத்தகட்டின் முனைகள் சோப்புக்கட்டிபோல் உருண்டிருந்தால், திருகாணி ஓட்டைகளைச் சுற்றி இரும்பு பள்ளமாக இறங்கியிருந்தால், அரமோ பஃபிங் சக்கரமோ அங்கே வந்துபோயிருக்கிறது.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அமெரிக்கப் படையின் 1861 மாதிரி ஸ்ப்ரிங்ஃபீல்டின் குழல் படைக்குப் போனபோது பளபளப்பான வெள்ளை இரும்பு. இன்று அது பழுப்பாக இருந்தால் காலம் போட்ட பழுப்பு. பிரிட்டிஷ் படையின் 1853 மாதிரி என்ஃபீல்டின் குழலோ நீலச்சாயம் ஏற்றியது. ‘பழைய துப்பாக்கி என்றால் பழுப்பு’ என்று நினைத்து ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குச் சாயம் அடித்தவர்களும் உண்டு, அதைப் பளிச்சென்று தேய்த்தவர்களும் உண்டு.

குழலில் வளையம், அல்லது நீளக் கோடு

குழலை ஜன்னலை நோக்கிப் பிடித்து, அதன்மேல் விழும் வெளிச்சக் கோட்டைப் பின்தொடருங்கள். கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து நீளவாக்கில் ஓட்டினாலும் தெரியும். உள்ளே சின்ன விளக்கை இறக்கினால் அந்த இடத்தில் இருண்ட வளையம் ஒன்று நிற்கும். குண்டு மருந்தின்மேல் சரியாக உட்காராமல் இடைவெளி விட்டுச் சுட்டதாலோ, வாயில் அடைப்பு இருந்தபோது சுட்டதாலோ வந்தது. சுவரில் தொங்கலாம், சுட முடியாது.

நீளவாக்கில் மயிரிழைக் கோடு தெரிந்தால் பதற வேண்டாம். தேனிரும்புத் தகட்டை உருட்டி, விளிம்புகளை உலையில் ஒட்டவைத்துச் செய்த குழல்களில் ஒட்டுத் தடம் அப்படித் தெரியும். அது தடமா விரிசலா என்பதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. மெல்லிய எண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேலே சுண்ணக்கட்டித் தூளைத் தூவுங்கள். கோட்டின்மேல் தூள் ஈரமாகிக் கறுத்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பி வருகிறது, அது விரிசல். தூள் வெள்ளையாகவே இருந்தால் மேல்தடம்.

ஏதோ குட்டையாகத் தெரிகிறது

அளந்துவிடுங்கள். ‘பிரவுன் பெஸ்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் மஸ்கெட்டில் நீளமான மாதிரிக்குக் குழல் 46 அங்குலம், அடுத்த மாதிரிக்கு 42, கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட ‘இந்தியா மாதிரி’க்கு 39. குழலை மரத்தோடு பிடிக்கும் பூண் மூன்று போட்ட 1853 என்ஃபீல்டுக்கும் 39. ஸ்ப்ரிங்ஃபீல்டில் 1842-க்கு 42, 1861-க்கு 40. இந்த எண்களுக்கு மிகவும் குறைவாக வந்தால், போர் முடிந்தபின் வேட்டைக்காக யாரோ அறுத்திருக்கிறார்கள்.

அளவு நினைவில்லாவிட்டாலும் வழி உண்டு. ராணுவ மஸ்கெட்டில் பயோனெட் (குழல் முனையில் பொருத்தும் குத்துக்கத்தி) மாட்ட வேண்டும். அதன் குழாய் சுமார் 10 செ.மீ. நீளம். ஆகவே வாய்ப்பக்கம் அவ்வளவு நீளத்துக்குக் குழல் மரமின்றி வெறுமையாக நிற்க வேண்டும், பயோனெட்டைப் பிடிக்கும் குமிழும் இருக்க வேண்டும். பிரவுன் பெஸ்ஸில் அந்தக் குமிழ்தான் முன்குறியும். குமிழ் இல்லை, அல்லது மரம் வாய்வரை வருகிறது என்றால் ரம்பம் வேலை செய்திருக்கிறது.

மரத்தில் தூள் கொட்டுகிறது, வெடிப்பு ஓடுகிறது

சின்னச்சின்ன ஓட்டைகள் இருந்தால் உளுத்தது என்று அர்த்தம், ஆனால் இப்போதும் உளுக்கிறதா என்பதுதான் கேள்வி. கறுப்புக் காகிதத்தின்மேல் துப்பாக்கியைச் சில வாரம் அசையாமல் வையுங்கள். வெளிர்மாவு புதிதாக விழுந்திருந்தால் புழு உள்ளே இருக்கிறது. மற்ற மரச்சாமான்களிலிருந்து உடனே பிரித்துவையுங்கள்.

பூட்டுப்பள்ளத்தைச் சுற்றி மரம் கறுத்து, நகம் அழுந்தும் அளவுக்கு மிருதுவாக இருந்தால் பல தலைமுறை எண்ணெய் குடித்திருக்கிறது. கைப்பிடிக் கழுத்தில் குறுக்கே வெடிப்பு என்றால் கீழே விழுந்திருக்கிறது. குழல்வாலின் (குழலின் பின்முனையிலிருந்து மரத்தில் பதியும் இரும்பு நாக்கு) பின்னாலிருந்து நேராக ஓடும் வெடிப்பு, குழல் தளர்ந்து ஒவ்வொரு உதைக்கும் மரத்தை முட்டியதால் வந்தது.

மரத்தை யாராவது இழைத்திருக்கிறார்களா என்று தெரிய விரலே போதும். பூட்டுத்தகட்டின் ஓரத்தில் மரத்திலிருந்து இரும்புக்கு விரலை நகர்த்துங்கள். செய்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே மட்டம். இப்போது இரும்பு படிபோல் எழும்பி நின்றால், மரத்தின் மேல்தோலோடு பரிசோதகர் குத்திய முத்திரையும் போய்விட்டது.

பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு இருந்தால் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. லாயத்துக் காற்றில் இருந்த அம்மோனியாதான் காரணம் என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். விசையைச் சுற்றி நிற்கும் பித்தளைக் காப்பின் வளைவுக்கும் அதே கதி வரலாம்.

முத்திரைகள் இருக்கின்றன, ஆனால் இடிக்கிறது

பூட்டில் ‘டவர்’ (லண்டன் டவர் ஆயுதசாலையின் பெயர்) என்று எழுதியிருப்பதால் மட்டும் அது பிரிட்டிஷ் படையில் இருந்தது என்று ஆகாது. வியாபாரத் துப்பாக்கிகளிலும் அந்தச் சொல்லைப் பொறித்தார்கள். அரசு உடைமை என்பதற்கு அகன்ற அம்புக்குறி, கம்பெனிக்கு முதலில் இதய வடிவ முத்திரை, 1808 முதல் கிரீடம் ஏந்திய சிங்கம் என்று தேடுங்கள். முத்திரை ஒரே அடியில் அழுந்திய தெளிவோடு இருக்க வேண்டும். கையால் கீறியதுபோல் கோடு நடுங்கினால், எழுத்து திரும்பி நின்றால், கைபர் கணவாய்ப் பக்கத்து எல்லைப்புறப் பட்டறைகளில் செய்த நகல். விக்டோரியாவின் ‘வி.ஆர்.’ முத்திரைக்குக் கீழே 1907 என்று ஆண்டு போட்டவை உண்டு. ராணி காலமானது 1901-இல்.

பூட்டின் உட்புறம், குழலின் அடிப்பக்கம், பூண்களின் உள்முகம் ஆகிய இடங்களில் பொருத்துக்குறிகள் இருந்தால் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். வெளியே பொய் எழுதுபவர்கள் உள்ளே எழுத மறந்துவிடுவார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, சுட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். குழலில் உள்ள சோதனை முத்திரை, அது குத்தப்பட்ட அன்று அந்த இரும்பு தாங்கியது என்று மட்டும்தான் சொல்கிறது. சுடும் ஆசை இருந்தால் அதற்கென்று செய்த புதிய நகல்கள் கிடைக்கின்றன. இதற்கு மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று கொடுத்து, குதிரையைக் கீழே இறக்கி, ஸ்பிரிங்குக்கு ஓய்வுகொடுத்து, படுக்கைவாட்டில் வையுங்கள். அளந்ததையும் பார்த்ததையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள். அந்த மரக்குச்சியையும் தூக்கிப் போடாதீர்கள், அடுத்து கையில் எடுப்பவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.